அபராதம் என்னுதுதான்

கரோல் பாக், புது தில்லி
21 பிப்ரவரி 2025

அன்புள்ள ஜ்யோத்ஸ்னா அத்தங்காவுக்கு,

நமஸ்காரம். அப்பா, அம்மா, தம்பி ப்ரணவ், நான் எல்லோரும் சௌக்கியம். அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா?

போனில் பேசினால் நாலாவது வாக்கியத்திலேயே ஹிந்திக்குத் தாவிவிடுகிறேன், அதனால் கையால், தமிழில் கடிதம் எழுது என்று கல்யாண வீட்டில் என்னிடம் சத்தியம் வாங்கினாயே, இதோ எழுதிவிட்டேன்! என் தமிழ் பல்லியில் அஞ்சாம் கிளாஸோடு நின்றுபோனது. தப்பு இருந்தால் சிரி, ஆனால் யாரிடமும் காட்டாதே.

இன்றைக்கே எழுதக் காரணம் இருக்கிறது. நேற்று கோர்ட்டில் என் சீனியர் ராமமூர்த்தி சார் பின்னால் ஃபைல் தூக்கிக்கொண்டு நின்றிருந்தேன். வேறொரு கேஸ் நடந்துகொண்டிருந்தது. மாஜிஸ்ட்ரேட் திடீரென்று தலையைத் தூக்கி, இங்கே யாருக்காவது தமிழ் தெரியுமா என்று கேட்டார். நான் யோசிப்பதற்குள் என் கை மேலே போய்விட்டது! ஹால் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. ஐந்து நிமிஷ வேலைதான். முடிந்ததும் மாஜிஸ்ட்ரேட் "பஹுத் அச்சா" என்று பாராட்டினார். கோர்ட் மொழிபெயர்ப்பாளர் பட்டியலுக்கு என் பெயரைச் சிபாரிசு செய்கிறேன் என்று சார் சொல்லிவிட்டார். வக்கீலாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அத்தங்கா! அம்மா உடனே ஐ.என்.ஏ. மார்க்கெட் போய் ஜவ்வரிசி வாங்கிவந்து பாயசம் வைத்தாள்.

அத்தைக்கு என் நமஸ்காரம்.

உன் மாமா பெண்,
ஷ்வேதா

———

மாயவரம்
3 மார்ச் 2025

அன்புள்ள ஷ்வேதாவுக்கு,

ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் அவள் பேச்சைக் கேட்பதில்லை.

கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், கோபித்துக்கொள்ளாதே. "எங்க ஸ்ரீநிவாஸ் பொண்ணு கோர்ட்டுல தமிழ் பேசினாளாம்" என்று தெருவில் நாலு வீட்டுக்குச் சொல்லியாயிற்று. தப்பு ஒன்பதே ஒன்பதுதான். "பல்லி" வேறு, "பள்ளி" வேறு. நீ படித்தது சுவரில் ஓடாது.

என் கதை வழக்கம்போல நூலகம்தான். முந்தாநாள் ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் பதினோரு மாதம் கழித்து ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டினார். மனிதர் ஊரையே மிரட்டி வேலை பார்த்தவர். நான் அசரவில்லை. அபராதம் வாங்கிக்கொண்டுதான் விட்டேன். இந்த ஊரில் என்னிடம் அபராதம் கட்டாத பெரிய மனுஷனே கிடையாது, தெரிந்துகொள்.

கோர்ட்டில் என்ன கேஸ், யார், என்ன பேசினார்கள்? முக்கியமானதை விட்டுவிட்டுப் பாயசத்தை எழுதியிருக்கிறாய்.

உன்,
ஜ்யோத்ஸ்னா

———

கரோல் பாக்
9 மார்ச் 2025

அன்புள்ள அத்தங்கா,

எல்லோரும் நலம். ஒரே ஒரு விஷயம் கேட்க எழுதுகிறேன்.

"அபராதம் வாங்கினேன்" என்று எழுதியிருக்கிறாய். "கட்டாத" என்றும் எழுதியிருக்கிறாய். அபராதத்தை எப்படி வாங்க முடியும்? அது செய்வதுதானே? ஹிந்தியில் அபராத் என்றால் குற்றம். அம்மாவும் பூஜை முடிவில் "அபராதத்தை மன்னிக்கணும்" என்று விழுந்து சேவிக்கிறாளே, அது நாம் செய்த தப்பு இல்லையா?

தமிழ் பேசுகிற ஒருத்தர், நம்மைப் போல இல்லை, கூலி வேலை செய்கிறவர், அபராதம் என்று சொன்னால் அவர் எதைச் சொல்வார்? அகராதி பார்த்து எழுது. உனக்குத் தோன்றியதையும் எழுது. அது எங்கிருந்து வந்தது என்பதையும் எழுது. போன் பண்ணாதே, இந்த வாரம் எடுக்க முடியாது. ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பு. ஜல்தி!

ஷ்வேதா

———

மாயவரம்
14 மார்ச் 2025

அன்புள்ள ஷ்வேதா,

நலம். நீயும் நலமா? உன் கையெழுத்து இந்த முறை ஓட்டமாய் ஓடியிருக்கிறது.

இப்படி ஒரு கேள்விக்காக நான் பத்து வருஷமாய்க் காத்திருக்கிறேன்! இங்கே வருகிறவர்கள் எல்லோரும் ராசிபலன் எந்த அலமாரி என்றுதான் கேட்கிறார்கள். இரண்டு நாள் மத்தியானச் சாப்பாட்டைக்கூட மறந்துவிட்டு அகராதிகளைப் புரட்டினேன்.

தமிழ்நாட்டில் பஸ்ஸில் ஏறுகிற எவரைக் கேட்டாலும் அபராதம் என்றால் ஒரே பொருள்தான். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் கட்டுகிற பணம். ஹெல்மெட் இல்லையா, அபராதம். கரண்ட் பில் லேட்டா, அபராதம். உன் கூலிக்காரர் அபராதம் என்று சொன்னால் அவர் குற்றத்தைச் சொல்லவே மாட்டார், பணத்தைத்தான் சொல்வார். இதில் எனக்குத் துளி சந்தேகம் கிடையாது.

இனிமேல்தான் வேடிக்கை. சொல் வடமொழியிலிருந்து வந்தது. அங்கே அதன் ஆதிப் பொருள் என்ன தெரியுமா? குறி தப்புவது! அம்பு விட்டவன் இலக்கைத் தவறவிட்டால் அது. பிறகு நடத்தையில் தவறினால் அது, குற்றம். ஹிந்தியில் அங்கேயே நின்றுவிட்டது. நம் வீட்டுப் பூஜையிலும் அந்தப் பழைய பொருளோடு உட்கார்ந்திருக்கிறது. ஆனால் தெருவில் இறங்கிய சொல் குற்றத்தை இறக்கிவைத்துவிட்டு, குற்றத்துக்குக் கட்டும் பணத்தைத் தூக்கிக்கொண்டது. தமிழ் அகராதியிலும் முதல் பொருள் குற்றம், அடுத்தது தண்டத்தொகை. முதல் பொருளில் இப்போது யார் பேசுகிறார்கள்?

தண்டம் மட்டும் லேசுப்பட்டதா? முதலில் கோல். கோலால் அடிப்பது தண்டனை. அடிக்குப் பதில் வாங்கும் பணம் தண்டம். கடைசியில், வீணாய்ப் போனதெல்லாம் தண்டம். நான் ப்ளஸ் டூவில் பெயிலான வருஷம் அப்பா என்னைத் தண்டச்சோறு என்றாரே, அந்த வார்த்தைக்கு இவ்வளவு பெரிய பரம்பரை என்று தெரிந்திருந்தால் அழாமலே இருந்திருப்பேன். நம் கல்வெட்டுகளில் ஊர்ச்சபை விதிக்கும் அபராதத்துக்கு மன்றுபாடு என்று ஒரு சொல் வருகிறது. எவ்வளவு அழகு!

சரி, எதற்கு இவ்வளவு அவசரம்? பரீட்சையா?

ஜ்யோத்ஸ்னா

———

கரோல் பாக்
30 மார்ச் 2025

அன்புள்ள அத்தங்கா,

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. மற்றபடி எல்லோரும் சௌக்கியம்.

பரீட்சை இல்லை. உன் கடிதம் ஒரு மனிதரை ஜெயிலிலிருந்து வெளியே கொண்டுவரப் போகிறது! நிஜமாகத்தான் சொல்கிறேன். வரிசையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

லட்சுமணன் என்று ஒருவர். கள்ளக்குறிச்சிப் பக்கம். தில்லிக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. பெயிண்டர். ஹிந்தி தெரியாது. அவர் வேலை செய்த துவாரகா கட்டடத்தில் ஒரு சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கும் ஏழுக்கும் நடுவில் செப்புக் கம்பிச் சுருள்கள் திருட்டுப்போயின. திங்கட்கிழமை இவர் ஜுரத்தில் வேலைக்குப் போகவில்லை. அதனால் சந்தேகம் இவர்மேல். பிப்ரவரி 20 அன்று கோர்ட்டுக்குக் கொண்டுவந்தார்கள். சனிக்கிழமை மாலை என்ன செய்தாய் என்ற கேள்விக்கு அவர் சொன்னது இது: "சனிக்கெழம சாயங்காலம் அந்த அபராதம் என்னுதுதான்யா. நான் இல்லேங்கல."

இது, அந்த அபராத் என்னுடையதுதான், நான் மறுக்கவில்லை என்று ஹிந்தியில் மொழிபெயர்க்கப்பட்டது. கோர்ட் குறிப்பில் ஏற்றப்பட்டது. ஜாமீன் மறுக்கப்பட்டது.

உன் கடிதம் வந்ததும் அவருடைய வக்கீல் உதயாவைத் தேடிப் போனேன். அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேரும் ஜெயிலுக்குப் போய் லட்சுமணனிடம், எந்த அபராதம் என்று கேட்டோம். அத்தங்கா, அந்தச் சனிக்கிழமை அவர் பெண் குழந்தைக்குச் செருப்பு வாங்க மெட்ரோவில் கரோல் பாக் வந்திருக்கிறார். பேன்ட் முழுக்க ஈரப் பெயிண்ட். "சீட்டுல ஒக்காந்தா கறையாயிடும்னு கீழ ஒக்காந்தேம்மா." மெட்ரோவில் தரையில் உட்காரக் கூடாது. இறக்கி, அபராதம் வாங்கி, ரசீது கொடுத்திருக்கிறார்கள். திருட்டு நடந்த அதே மாலையில்! அவர் கோர்ட்டில் சொன்னது தன்னைக் காப்பாற்றுகிற ஒரே வாக்கியம். அதுவே அவரை உள்ளே தள்ளிவிட்டது.

இன்னும் கேள். செப்புக் கம்பி விஷயமே அவருக்குச் சரியாகப் புரியவில்லை. "கீழ ஒக்காந்ததுக்கு இத்தினி நாளா உள்ள வப்பாங்க?" என்று உதயாவைக் கேட்டார்.

ரசீது அவர் மனைவியிடம் இருக்க வேண்டும். பெயர் கோவிந்தம்மாள். ஃபைலில் இருக்கிற முகவரியில் ஆள் இல்லை. சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் வீட்டு வேலை செய்கிறாராம். நாளைக் காலை போய் ஒவ்வொரு வீடாகக் கதவைத் தட்டப் போகிறேன்!

ஷ்வேதா

———

மாயவரம்
5 ஏப்ரல் 2025

அன்புள்ள ஷ்வேதா,

நலம் விசாரிக்கக்கூடப் பொறுமை இல்லை. கிடைத்ததா ரசீது?

கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். புத்தகம் எடுக்க வந்த ஜம்பு வாத்தியார், யாருக்கு என்ன ஆச்சு என்று பதறிவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் அவரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். தினமும் காலையில் வந்து, தில்லியிலிருந்து தபால் வந்ததா என்று கேட்கிறார்.

ஆனால் எனக்கு வயிறு எரிகிறது. எந்தக் கழுதை அதை மொழிபெயர்த்தது? தமிழ் தெரியும் என்று எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு போய் நின்றது? பெயரை எழுது. இங்கிருந்தே ஒரு புகார் எழுதிப் போடுகிறேன். ஒரு மனுஷன் பேன்ட் கறை அடுத்தவனுக்கு ஒட்டக் கூடாது என்று தரையில் உட்கார்ந்திருக்கிறான். அவனைப் போய் இந்த அரைகுறை உள்ளே தள்ளியிருக்கிறது.

உடனே எழுது.

ஜ்யோத்ஸ்னா

———

மாயவரம்
24 ஏப்ரல் 2025

ஷ்வேதா,

சௌக்கியமா? மூன்று வாரமாய்ப் பதில் இல்லை. போன் எடுக்கவில்லை. உன் அம்மா அம்புஜம் மாமியிடம் கேட்டேன். "சரியா சாப்பிட மாட்டேங்கறா, வேலை ஜாஸ்திங்கறா" என்றாள். ஒரு வரியாவது எழுது.

ஜ்யோத்ஸ்னா

———

கரோல் பாக்
2 மே 2025

அன்புள்ள அத்தங்கா,

மன்னித்துக்கொள். வேலை.

ரசீது கிடைத்துவிட்டது. அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். சரோஜினி நகரில் இருபத்தாறு கதவு தட்டினேன். இருபத்தேழாவது வீட்டில் கோவிந்தம்மாளே கதவைத் திறந்தார். தன் அறைக்குக் கூட்டிப்போய் எடுத்துக் கொடுத்தார், அரிசி டப்பாவுக்குள் ரேஷன் கார்டோடு மடித்து வைத்திருந்தார். கரோல் பாக் ஸ்டேஷன், மாலை 6.35, லட்சுமணன் என்று பெயரும் இருக்கிறது. நடுரோட்டில் குதித்தேன். கோவிந்தம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆனால் உதயா சொல்கிறார், ரசீது மட்டும் போதாது. குற்றம் என்னுடையது என்று அவரே சொன்னதாகக் குறிப்பு இருக்கும்வரை, ரசீதை யாரிடமாவது வாங்கியிருப்பார் என்று எதிர்த்தரப்பு சொல்லும். மொழிபெயர்த்தவர் கோர்ட்டுக்கு வந்து, நான் தப்பாகச் சொன்னேன், எனக்கு அந்தச் சொல் தெரியாது என்று அஃபிடவிட் கொடுத்தால் விஷயம் அன்றைக்கே முடிந்துவிடும்.

அந்த நபர் தயங்குகிறார். புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்தவர். இப்படி எழுதிக் கொடுத்தால் அதற்கப்புறம் யார் நம்பிக் கேஸ் கொடுப்பார்கள் என்று அவருடைய சீனியர் பயமுறுத்தியிருக்கிறார். அடுத்த தேதி மே 21. எல்லாம் முடிவு செய்யப்படும்.

அத்தைக்கு நமஸ்காரம்.

ஷ்வேதா

———

மாயவரம்
7 மே 2025

என் கண்ணு ஷ்வேதா,

நான் நலம். நீ நலமில்லை, எனக்குத் தெரியும்.

நீ செயப்பாட்டு வினையில் எழுதுகிற பெண் இல்லை. உன் முதல் கடிதத்தில் எல்லாவற்றையும் நீயே செய்தாய், உன் கையே மேலே போனது. மார்ச் கடிதத்தில் மொழிபெயர்க்கப்பட்டது, ஏற்றப்பட்டது, மறுக்கப்பட்டது. அப்போதே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். நேற்று இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நீ பாயசத்தைப் பற்றி எழுதிய கடிதத்தில் "நேற்று" என்பது பிப்ரவரி 20. அவர் உள்ளே போனதும் அதே நாள்.

கழுதை என்று எழுதிவிட்டேன். அதை வாபஸ் வாங்கப் போவதில்லை. எங்கள் வீட்டுக் கழுதை, அவ்வளவுதான்.

தெரியாமல் நடந்ததுதான். அந்தச் சொல் உன் வீட்டில் ஒரு பொருளிலும் அவர் வாயில் வேறு பொருளிலும் இருந்தது, அது உன் குற்றமில்லை. ஆனால் மார்ச் பதினான்கு கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து உனக்குத் தெரியும். அதன் பிறகு அவர் உள்ளே இருக்கிற ஒவ்வொரு நாளும் தெரிந்து நடக்கிறது. இதை எழுதும்போது எனக்கு அழுகையாய் வருகிறது. இருந்தாலும் எழுதாமல் விடமாட்டேன்.

வேலை போனால் போகட்டும். மாயவரத்திலும் கோர்ட் இருக்கிறது. போய்ச் சொல்.

உன் அத்தங்கா

———

கரோல் பாக்
22 மே 2025

அன்புள்ள அத்தங்கா,

எல்லோரும் நலம், நான் உட்பட! சொல்லிவிட்டேன்!

நேற்று அதே ஹால், அதே மாஜிஸ்ட்ரேட். உதயா என் அஃபிடவிட்டை நீட்டினார். மாஜிஸ்ட்ரேட் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். நீங்கள் தமிழ்தானே, உங்களுக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்றார். என் காது சூடாகிவிட்டது. வீட்டில் அந்தச் சொல்லைப் பூஜையில் மட்டும்தான் கேட்டிருக்கிறேன், வெளியே ஹிந்தியில்தான் கேட்டிருக்கிறேன், தமிழ்நாட்டில் ஒரு பஸ்ஸில்கூட நான் அபராதம் கட்டியதில்லை என்றேன். பிறகு நிறுத்த முடியவில்லை! குறி தப்பிய அம்பு, குற்றத்தை இறக்கிவைத்துவிட்டுப் பணத்தைத் தூக்கிக்கொண்டது, எல்லாவற்றையும் ஹிந்தியில் சொன்னேன். ஸ்டெனோ டைப் அடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். அப்படியானால் அன்று இவர் சொன்னது என்ன என்று மாஜிஸ்ட்ரேட் கேட்டார். "ஜுர்மானா மேரா ஹீ ஹை", அதாவது தண்டத்தொகை என்னுடையதுதான் என்றேன். அவர் ரசீதை வாங்கி நேரத்தை இரண்டு முறை பார்த்தார்.

சாயங்காலமே ஜாமீன். கேஸும் நிற்காது என்கிறார் உதயா.

ராமமூர்த்தி சார் என்னோடு பேசவில்லை. மொழிபெயர்ப்பாளர் பட்டியலில் என் பெயர் போய்விட்டது. அம்மாவுக்கு இப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டவில்லை. அந்தப் பாயசத்தை நினைத்தால் எனக்கே குமட்டுகிறது.

உனக்கு நான் எழுதாத ஒன்று இருக்கிறது. மார்ச்சில் ஜெயிலுக்குப் போனபோது லட்சுமணன் என்னைப் பார்த்ததும் எழுந்து இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். "அன்னைக்குக் கோர்ட்டுல தமிழ்க் கொரல் கேட்டப்புறம்தாம்மா எனக்கு உசுரு வந்துது" என்றார். நான் அவருக்காக வாதாடினேன் என்று நினைத்துக்கொண்டு ஒரு மாதமாய் எனக்காகச் சாமியை வேண்டிக்கொண்டிருந்திருக்கிறார். அதைக் கேட்ட பிறகும் நான் இரண்டு மாதம் பேசாமல் இருந்தேன்.

ஷ்வேதா

———

கரோல் பாக்
16 ஜூன் 2025

அன்புள்ள அத்தங்கா,

அத்தை இப்போது கோல் இல்லாமல் நடக்கிறாள் என்று அப்பா சொன்னார், சந்தோஷம். ஜம்பு வாத்தியாருக்கும் சொல்லிவிடு, கேஸ் முடிந்துவிட்டது! கம்பியை எடுத்தவன் வேறொரு இடத்தில் பிடிபட்டான்.

உதயா என்னைத் தன்னோடு சேர்ந்து வேலை செய்யக் கூப்பிட்டிருக்கிறார். சம்பளம் குறைவு. நான் சரி என்றுவிட்டேன்.

நேற்று லட்சுமணன் வீட்டுக்குப் போனேன். நடந்ததை நானே அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஒரே அறை. அவர் பெண் மஹாலட்சுமி புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு உள்ளேயே நடந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "அதுக்கு இந்தியில என்னாம்மா பேரு?" என்று கேட்டார். ஜுர்மானா என்றேன். "சுருமானா, சுருமானா" என்று நாலு தரம் சொல்லிப் பார்த்தார். எங்க ஆளுங்க எல்லார்கிட்டயும் சொல்லி வைக்கிறேன் என்றார். கோபமே இல்லை, அத்தங்கா. நான் அழுதுவிட்டேன்.

கோவிந்தம்மாள் அடுப்பிலிருந்து திரும்பவே இல்லை. சரோஜினி நகரில் கதவைத் திறந்தபோதே என்னை அடையாளம் தெரிந்திருக்கிறது. புருஷன் வெளியே வருகிறவரை வாயைத் திறக்கவில்லை. நான் கிளம்பும்போதுதான் கேட்டார்.

"அன்னைக்குக் கோர்ட்டு வாசல்ல ரசீதைக் கையில வச்சிக்கினு, அபராதம் கட்டியாச்சும்மான்னு உன் பின்னாடியே ஓடியாந்தேன். திரும்பிக்கூடப் பாக்காம போயிட்ட."

நிஜம்தான். யாரோ ஒரு அம்மா ஏதோ கெஞ்சுகிறாள் என்று நினைத்தேன். "பஹுத் அச்சா" காதில் ஒலித்துக்கொண்டிருந்தது.

"வார்த்த தெரியலன்னா எங்கள ஒரு வாட்டி கேட்டிருக்கலாமேம்மா. நாங்க தமிழ்லதான பேசினோம்."

இன்று காலை எழுந்ததும் உனக்கு எழுத உட்கார்ந்தேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

ஷ்வேதா